மாப்பிள்ளையின் படகு ஃபேன்

இந்த வருஷம் கத்திரி வெயில் முடிந்தும் எனக்கு அலுப்பு முடியவில்லை. காலையில் எழுந்து பல் தேய்க்கும்போதே சாயங்காலம் ஆகிவிட்ட மாதிரி இருக்கும். திருத்தணியில், அரக்கோணம் ரோட்டில் எனக்கு ஒரு பெயிண்ட் பட்டறை. ஆட்டோ, குட்டியானை, எப்போதாவது கல்யாண மண்டபத்து இரும்பு நாற்காலிகள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஸ்ப்ரே கன் பிடித்த கை. போன வருஷம் டாக்டர் மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்து ஒன்று எழுதிக் கொடுத்து, பெயிண்ட் வாசனையிலிருந்து கொஞ்சம் தள்ளி இருங்கள் என்றார். தள்ளி இருந்தால் அடுப்பு எப்படி எரியும் என்று நான் கேட்கவில்லை. சரிங்க என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். முருகன் பார்த்துக்கொள்வான். அவனும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். பட்டறை வாசலில் நின்று தலையைத் தூக்கினால் மலைமேல் கோபுரம் தெரியும்.

அப்படி ஒரு நாள் வெயிலில், மகள் ரயிலை விட்டு இறங்கி நேரே பட்டறைக்கு வந்தாள். கையில் சிமெண்ட் சாக்கு. உள்ளே ஏதோ கனமாக.

"நைனா, இத கொஞ்சம் பாரு."

"இன்னாது?"

"போட்டு மோட்டாரு ஃபேனு. பின்னால தண்ணிக்குள்ள சுத்துமே, அது."

மகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மெட்ராஸில் ஜவுளிக் கடை வேலைக்குப் போனவள், அங்கே பழகின பையனைக் கட்டிக்கொண்டு இப்போது பழவேற்காட்டில் இருக்கிறாள். அவர்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், மீன் பிடிக்கிற குடும்பம். கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்தது. நானும் என் வீட்டுக்காரியும் போய் நின்றுவிட்டுத்தான் வந்தோம். சண்டை என்று ஒன்றும் இல்லை. ஆனால் முதல் ஆடிக்கு மாப்பிள்ளையைத் தட்டு வைத்து அழைக்க வேண்டும் அல்லவா. அவர்களுக்கு ஆடி உண்டா, அழைத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா என்று நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் ஆடி போய்விட்டது. அழைக்காத வீட்டுக்கு அவரும் வரவில்லை. அடுத்த ஆடியில் அழைத்தால், முதல் ஆடிக்கு எங்கே போயிருந்தீர்கள் என்று ஆகுமே என்று அதுவும் போயிற்று. மகள் மட்டும் வருவாள், போவாள். வாசலில் அவள் செருப்பு ஒரு ஜோடி மட்டும் கிடக்கும். என் வீட்டுக்காரி அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போவாள்.

சாக்கைப் பிரித்தேன். அலுமினியம். முறுக்கின மூன்று இறக்கை, நடுவில் மோட்டார் தண்டு நுழைகிற ஓட்டை. முகத்துவாரத்து மணல் இறக்கை ஓரங்களைக் கடித்து வைத்திருந்தது. அதற்கு மேல் கரையில் யாரோ ரெட் ஆக்சைடு அடித்து, கறுப்பு எனாமலும் அடித்திருக்கிறார்கள். அது அப்பளம் மாதிரி எழும்பி நின்றது. ரெட் ஆக்சைடு இரும்புக்கு. அலுமினியம் அதை ஏற்காது.

"யாரு குடுத்து அனுப்பிச்சாங்க?"

"அவருதான்."

"அவரே சொன்னாரா?"

"ஆங். உங்க நைனா பெயிண்டு வேலைதானே, கேட்டுப் பாரேன்னாரு. போட்டு கரையில ஏத்தி ஒட்டு வேல பாத்துகினு இருக்காங்க. அது முடியறதுக்குள்ள இது வோணும்."

"வேற இன்னா சொன்னாரு?"

"ஐயோ நைனா, ஃபேனு இது. லெட்டரு இல்ல."

அவளுக்கு அது ஃபேன். எங்களுக்கு லெட்டர்தான். அன்றைக்கு வீட்டில் சோறு போடும்போது என் வீட்டுக்காரி சொன்னாள்: "இத்தினி வருஷத்துல வாயத் தொறந்து ஒண்ணு கேட்டிருக்காரு. கண்டவன் கையில குடுக்காம நீங்களே செய்யுங்க. இது நல்லா வந்துச்சின்னா, இந்த ஆடிக்கு வாங்கன்னு கூப்பிட நமக்கும் ஒரு வாய் இருக்கும்."

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அதை ஸ்டூல் மேல் வைத்ததுமே பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வந்துவிட்டார். வேலை இல்லாத நேரத்தில் என்னைக் கிண்டல் செய்வதுதான் அவர் வேலை.

"இன்னாண்ணா, கோயில் பொய்கையில தெப்பத்துக்கு மோட்டாரு வைக்கப் போறாங்களா? சாமி இனிமே சர்ருனு மூணு சுத்து முடிச்சிட்டு மேல போயிடுவாரா?"

"மாப்ள போட்டுதுப்பா."

"ஓ, மாப்ள போட்டா? அப்ப கடல் திருத்தணிக்கு வந்துகினு இருக்குதுன்னு சொல்லு. நான் டியூபெல்லாம் எடுத்து வெச்சிக்கறேன், மிதக்கலாம்."

வேலை சின்னதுதான். ஆனால் ஒரு ஆட்டோவைவிட அதிகமாக என்னை உட்கார வைத்தது. பழைய பெயிண்டைச் சுரண்டி, அரத்தால் ஓரங்களைச் சீவி, வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். இறக்கை முறுக்கலாக இருப்பதால் கை எங்கும் படிந்து நிற்காது. கொஞ்சம் தேய்ப்பேன், மூச்சு வாங்கும், உட்காருவேன். ஒரு இறக்கையை அதிகம் சீவிவிட்டால் எடை மாறிப்போகும், மோட்டார் உதறும். அதனால் ஓட்டையில் கம்பி ஒன்றைச் செருகி இரண்டு ஸ்டூலுக்கு நடுவே தொங்கவிட்டு, எந்த இறக்கை கீழே இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்துச் சீவினேன். எப்படித் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கிற வரைக்கும். அது நின்றபோது நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். டீ ஆறிப்போயிருந்தது.

இனி என் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்தச் சாமானாக இருந்தாலும், தேய்த்துத் துடைத்து வெறும் தகடாக நிற்கும்போது மலை விபூதியை மூன்று விரலால் அதன் மேல் பூசி, கண்ணை மூடி ஒரு முருகா சொல்லுவேன். பிறகு தின்னர் நனைத்த துணியால் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் பிரைமர் என்கிற அடிப்பூச்சு. துடைக்காமல் அடித்தால் பெயிண்ட் பிடிக்காது. விரல் ரேகை எண்ணெய் இருந்தாலே பிடிக்காது, சாம்பல் இருந்தால் கேட்கவா வேண்டும். துடைத்த துணியைக் குப்பையில் போடமாட்டேன். பட்டறைக்குப் பின்னால் வேப்பமரம் இருக்கிறது. அதன் அடியில், கால் படாத பக்கம் வைத்துவிடுவேன். எத்தனையோ ஆட்டோவுக்கு அப்படித்தான். பூசுவேன், துடைப்பேன். சாமி வந்தார், பார்த்தார், போனார். மனசுக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை.

அன்றைக்கும் பூசினேன். ஒரு இறக்கை மேலே பார்த்து நின்றது, அதன் நடுவில். தேய்த்த கீறல்களில் விபூதி நன்றாகப் போய் உட்கார்ந்துகொண்டது. துணியில் தின்னரையும் நனைத்துவிட்டேன். கை போகவில்லை.

ஆட்டோ தரைமேல் போகிறது. நின்றுபோனால் இறங்கி ஓரமாக நிற்கலாம். இது தண்ணீருக்கு அடியில் சுத்துகிற சாமான். இது நின்றால் நடுத்தண்ணீரில் நிற்க வேண்டும். அந்தப் படகில் சில நாள் என் மகளும் போகிறாள். பார்க்கப் போனால் அவளைக் காப்பாற்றத்தானே மாப்பிள்ளையும் அந்தப் படகை ஓட்டுகிறார். அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிற பொருளிலிருந்து சாமியைத் துடைத்து அனுப்புவானேன் என்று இருந்தது. அலுப்பும் ஒரு காரணம். தெம்பாக இருந்தால் புத்தி வேலை செய்திருக்கும். மெல்லிசாகத்தானே இருக்கிறது, காற்று வேகத்தில் பாதி பறந்துவிடும், மீதி பெயிண்டுக்கு அடியில் மாப்பிள்ளைக்குத் துணையாகக் கிடக்கட்டும் என்று, துடைக்காமலேயே அலுமினியத்துக்கு உண்டான வாஷ் பிரைமரை அடித்தேன். காய்ந்ததும் கறுப்பை மெல்லிசாக, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடித்தேன். தண்டு போகிற ஓட்டையில் பெயிண்ட் படாமல் பேப்பர் அடைத்திருந்தேன். முடித்தபோது அது புதுசு மாதிரி மின்னியது. பஞ்சர் கடைக்காரர்கூட வாயைத் திறக்கவில்லை.

மகள் எடுத்துக்கொண்டு போனாள். படகு தண்ணீரில் இறங்கியது, நன்றாக ஓடுகிறது என்று போனில் சொன்னாள். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று கேட்டேன். "நல்லாருக்குன்னாரு" என்றாள். அந்த ஒரு வார்த்தையை என் வீட்டுக்காரி நாலைந்து வாட்டி என்னிடம் திருப்பிச் சொன்னாள். ஆடிக்கு என்ன வேஷ்டி எடுப்பது என்றுகூடப் பேச்சு வந்தது.

ஆடி பிறப்பதற்குள் ஒரு மதியம் மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கறுப்பு ஃபேன். இரண்டு இறக்கை அப்படியே இருந்தது. மூன்றாவது இறக்கையின் நடுவில் பெயிண்ட் உரிந்து வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. மூன்று கோடு. நெற்றியில் பூசின மாதிரி, படுக்கையாக, ஒன்றன் கீழ் ஒன்று.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து நானே அவளைக் கூப்பிட்டேன்.

"அவரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல நைனா. கையில வெச்சிக்கினு பாத்துகினே இருந்தாரு."

"கோவமா?"

"தெரியலயே. கரையில எல்லாரும் சுத்தி நின்னு சிரிச்சாங்க. உன் மாமனாரு உனக்கு நாமம் போட்டுட்டாரான்னு."

"நாமம் இல்லம்மா, அது பட்டை."

"இப்ப அதுவா முக்கியம் நைனா?"

ஆமாம், அது முக்கியம் இல்லை. நான் வேண்டுமென்றே அவர் படகுக்குப் பட்டை அடித்துவிட்டதாக அவர் நினைத்தால்? பெண்ணைக் கொடுத்தவன் மறைவாக நம் வேதத்தில் கை வைக்கிறான் என்று அவர் வீட்டில் பேசினால்? அழைக்காமல் விட்டதையாவது கூச்சம் என்று சொல்லலாம். இதை என்னவென்று சொல்வது? அவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று செய்ததுதான் அவரைக் கரையில் சிரிப்புக்கு ஆளாக்கிவிட்டது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மலைக்குப் போனேன். படி ஏற முடியாது, பஸ்ஸில்தான் போனேன். சன்னதியில் நின்று ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. நீதானே பெயிண்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாய், சும்மா இருக்கக்கூடாதா என்று மட்டும் நினைத்தேன். அப்புறம் அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மகள் மறுபடி போன் செய்தாள். "அவரே எடுத்துனு வர்றாராம். நாளைக்கி."

நாளைக்கு மாசக் கிருத்திகை. ஊர் முழுக்கக் கூட்டமாக இருக்கும் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

காலையில் வந்தார். தனியாக. ஒரு கையில் அந்தச் சிமெண்ட் சாக்கு, இன்னொரு கையில் தெர்மாகோல் பெட்டி. வீட்டு வாசலில் செருப்பை விட்டு, "வரேன் அத்தை" என்று பெட்டியை என் வீட்டுக்காரியிடம் நீட்டினார்.

"எறா. விடியக்காலையில வாங்குனது. ஐஸ் போட்டிருக்கேன்."

கிருத்திகை அன்றைக்கு எங்கள் வீட்டில் இறால் இருக்கட்டும், வெங்காயம்கூட நறுக்கமாட்டோம். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். முதல்முதலாக வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளை, வெறுங்கையோடு வரக்கூடாது என்று ரயில் ரயிலாக மாறித் தூக்கி வந்திருக்கிறார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "வாங்க, உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியோடு பின்வாசல் வழியாகப் பின்தெருவில் இருக்கிற பஞ்சர் கடைக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து கை கழுவிக்கொண்டு காப்பி போட்டாள்.

அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. காப்பி குடித்தார். "பட்டறைக்குப் போலாமா மாமா?" என்றார்.

ஃபேனை ஸ்டூலில் வைத்து அந்த இறக்கையை என் பக்கம் திருப்பினார்.

"மணல் உரிச்சா நுனியில உரியும் மாமா. இது நடுவுல உரிஞ்சிருக்கு."

"ஆங்."

"அதுவும் கோடு போட்டாப்புல."

மழுப்ப எனக்குத் தெம்பு இல்லை. "விபூதி மாப்ள. எப்பவும் பூசுவேன், தொடச்சிட்டுத்தான் அடிப்பேன். இதுல தொடைக்க மனசு வரல. தண்ணியில போறதாச்சே, கூட இருக்கட்டும்னு விட்டுட்டேன். உங்கள ஒண்ணும் மாத்தறதுக்கு இல்லீங்க. கரையில சிரிச்சாங்களாமே."

அவர் அந்தக் கோடுகளின் மேல் கட்டை விரலை ஓட்டிப் பார்த்தார்.

"சிரிச்சாங்க. ஃபேன நான் அப்பவே கழட்டி சாக்குல போட்டுட்டேன். பொண்ணு வீட்டுல நம்மள கண்டுக்கவே மாட்டாங்கன்னு எங்க அம்மா சொல்லிகினே இருப்பாங்க. அவங்ககிட்ட இத எடுத்துக் காட்டினேன்."

"இன்னா சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம், நான் போட்டுக்கு மந்திரிச்ச தண்ணி தெளிக்கிறேன், அது காஞ்சி போயிடுது, பெயிண்டும் நல்லா இருக்குது. அவரு பூசுனது மட்டும் ஏன்டா இப்புடி உரிக்குது, போய் அவரையே கேளுன்னாங்க." அப்போதுதான் அவர் சிரித்தார். "அதான் வந்தேன். அம்மாதான் எறாவும் வாங்கிக் குடுத்தாங்க."

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரிப்பு இருமலாகி, மருந்தை எடுத்து உறிஞ்ச வேண்டியதாயிற்று. அவர் முதுகைத் தட்டிவிட்டார்.

அந்த ஒரு இறக்கையை மட்டும் தேய்த்தால் போதாது, எடை மாறும். மூன்றையும் தேய்க்க வேண்டும். நீங்கள் உட்காருங்கள் மாமா என்று பேப்பரை வாங்கிக்கொண்டார். மீனவர் கை, பலம் அதிகம். நான் மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெறும் தகடாக நின்றதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"பூசுங்க மாமா. ஆனா இந்த வாட்டி தொடச்சிடுங்க."

பூசினேன். தின்னர் துணியை எடுத்தேன். போன வாட்டி போகாத கை இப்போது போயிற்று. கஷ்டமாகத்தான் இருந்தது. முருகா, இறங்கிக்கோப்பா என்று துடைத்தேன். கோட்டின் அடையாளம்கூட இல்லாமல் துடைத்தேன். துணியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்குப் போனபோது அவரும் பின்னாலேயே வந்தார். நான் செருப்பைக் கழற்றியதைப் பார்த்து அவரும் கழற்றினார்.

பிரைமர் காய வேண்டும். கறுப்புப் பூச்சு ஒவ்வொன்றும் காய வேண்டும். அதுவரைக்கும் அவர் எங்கேயும் போக முடியாது. வெங்காயம் இல்லாத சாம்பார், பருப்பு, வாழைக்காய் வறுவல். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் வாட்டி சோறு கேட்டபோது என் வீட்டுக்காரி அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எறா எங்க அத்தை?" என்று கேட்டார். அவள் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னாள். தலையில் அடித்துக்கொண்டார். அந்தச் சமயம் பார்த்து பஞ்சர் கடைக்காரர் வாசலில் வந்து நின்று, "மாப்ள, எறா சூப்பரு. மாசா மாசம் கிருத்திகைக்கு பெயிண்டு உரிஞ்சிகினே இருக்கட்டும்" என்றார்.

சாயங்காலம் மேல்பூச்சு நகத்தால் அழுத்தினாலும் பதியாமல் நின்றது. சாக்கில் சுற்றப் போனபோது என் வீட்டுக்காரி பழக்கத்தில் விபூதித் தட்டோடு வந்துவிட்டாள். எங்கள் வீட்டை விட்டு வெளியூர் போகிற யாருக்கும் பூசித்தான் அனுப்புவாள். பாதி வழியில் நினைவு வந்து அப்படியே நின்றுவிட்டாள். தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தாள்.

அவர் சாக்கின் வாயைத் திறந்து ஃபேனை அவள் பக்கமாகத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்குப் பூசுங்க அத்தை. பெயிண்டு காஞ்சிடுச்சி. இப்ப பூசுனா ஒண்ணும் ஆகாது."

"தண்ணியில எறங்கினதும் போயிடுமேப்பா."

"போகட்டும். எங்க அம்மா தெளிக்கிறதும்தான் போயிடுது."

அவள் பூசினாள். கறுப்பின் மேல் மூன்று கோடு வெள்ளையாக நின்றது. வருகிற ஆடிக்கு இரண்டு பேரும் வரவேண்டும் என்று அப்போதுதான் நான் சொன்னேன். தட்டு இல்லை, பழம் இல்லை, வேஷ்டி இல்லை. நின்றபடி சொன்னேன். "வரோம் மாமா. எறா இல்லாம வரோம்" என்றார். ஆட்டோ வைத்து ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்தேன்.

சில நாள் கழித்து மகள் போன் செய்தாள். படகு ஓடுகிறது என்றாள்.

"பெயிண்டு?"

"கல்லு மாதிரி நிக்குது நைனா."

"உங்க அம்மா பூசினது?"

"அது மொத நாளே கரைஞ்சி போச்சி."

சரிம்மா என்று போனை வைத்தேன். பட்டறையில் ஒரு ஆட்டோ பாதி பிரைமரில் நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு, வேப்பமரத்து நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் மதியத்தில் தூங்கினேன்.